கதைக்குள் இரண்டு காலம்: வாசகர் கேள்வி – பதில்

இன்றைய வாழ்க்கையையும் பழைய காலத்து வாழ்க்கையையும் ஒரே கதையில் கோத்துச் சொல்லும் வரலாற்று நாவல்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஒன்பது இங்கே.

ஓர் அத்தியாயம் இன்று நடக்கிறது. அடுத்தது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் நடக்கிறது. நூறு பக்கம் போவதற்குள் யார் எந்தக் காலத்து ஆள் என்பதே மறந்துவிடுகிறது. எனக்குக் கிடைப்பது பஸ்ஸில் அரைமணி, படுக்கப் போகுமுன் அரைமணி. என்ன செய்யலாம்?
– வங்கி ஊழியர், விருதுநகர்

ஒரே ஒரு தாள் போதும். ஏ4 தாளில் நீளவாக்கில் இரண்டு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் ‘இன்று’, வலப்பக்கம் ‘அன்று’. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பத்தி விட்டுவையுங்கள். இரு பக்கமும் பெயர், உறவு, ஊர், ஆண்டு, இவ்வளவுதான் எழுத வேண்டும். நடுப்பத்தியில் இரண்டு காலத்திலும் தலைகாட்டுகிற பொருளை மட்டும் பக்க எண்ணோடு குறியுங்கள்: ஒரு மோதிரம், தூர்ந்துபோன கிணறு, ஒரு தாலாட்டு வரி, கன்னத்துத் தழும்பு, அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு வைக்கத் தயங்கும் ஒரு பெயர். ஆசிரியர் இரண்டு காலத்தையும் தைத்த நூல் அங்கேதான் ஓடுகிறது. யாருக்கு யார் மாமன், யார் மச்சான் என்பது மறந்துபோனாலும், நடுப்பத்தியை ஒரு தடவை பார்த்தால் கதை திரும்ப வந்துவிடும்.

கதைச்சுருக்கம் எழுத மட்டும் உட்காராதீர்கள். ஐந்து அத்தியாயத்தில் அலுத்துவிடும். தாளோடு சேர்ந்து புத்தகமும் மூலைக்குப் போய்விடும். அத்தியாயத்துக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

நிறுத்தும் இடத்தையும் மாற்றுங்கள். அத்தியாயம் முடிந்ததும் மூடிவைப்பது எல்லோருக்கும் பழக்கம். இந்த வகை நாவலுக்கு அது ஆகாது. ஒரு காலத்தில் கதவு தட்டப்படுவதோடு அத்தியாயம் முடியும். வேறொரு காலத்தில் கதவு திறப்பதோடு அடுத்தது தொடங்கும். அந்த இடத்தில் மூடிவிட்டு மறுநாள் எடுத்தால் ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாது, கதை துண்டு துண்டாகத் தெரியும். அடுத்த அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, அங்கே அடையாளம் வையுங்கள். உங்கள் அரைமணிக்கு இது சரியாக வரும்.

தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் போட வேண்டிய நாவல்களும் உண்டு. குர்அதுல்ஐன் ஹைதர் உருதுவில் எழுதி 1959-இல் வெளிவந்த நாவல், தமிழில் ‘அக்னி நதி’யாகக் கிடைக்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் தொடங்கி நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு முடிகிற கதை. கௌதம், சம்பா, கமால், சிரில் என்ற பெயர்கள் காலத்துக்குக் காலம் திரும்ப வருகின்றன. இவர்கள் மறுபிறவி எடுத்தவர்கள் என்று ஆசிரியர் எங்கும் அடித்துச் சொல்வதில்லை. ஒரே ஆள் என்று எண்ணிப் படித்தால் குழப்பம், வெவ்வேறு ஆள் என்று எண்ணிப் படித்தால் நஷ்டம். நான்கு பெயருக்கு நான்கு வரிசை, நான்கு காலத்துக்கு நான்கு பத்தி என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் காலத்தில் சிராவஸ்தியில் படிக்கும் மாணவன் கௌதம நீலாம்பரன் இருப்பான். கமாலின் கட்டமும் சிரிலின் கட்டமும் காலி. இரண்டாவதில் ஜோன்பூர் சுல்தானின் ஆட்சியில் கமாலுதீன் வந்து சேர்கிறான். மூன்றாவதில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரனாக சிரில் ஆஷ்லி. காலியாக இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவதைப் பார்த்தாலே யார் எப்போது இந்த மண்ணுக்கு வந்தார்கள் என்ற சரித்திரம் கண்ணுக்குத் தெரியும். நான்காவது பத்தியில் நால்வரும் ஒன்றாக இருக்கிறார்கள், பிரிவினை வருகிறது. அந்தக் கட்டத்தைக் கையால் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கடைசிப் பகுதி வேறு மாதிரி வலிக்கும்.

எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை கிடையாது. முற்பிறவி நினைவு வருவதாக எழுதும் கதைகளைப் படிக்க எடுத்தாலே மனம் ஒட்டுவதில்லை. என் குறையா, கதையின் குறையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. மணிமேகலையின் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் சொல்வதை நீங்கள் அறிவீர்கள். புகாரில் உவவனம் என்ற பூஞ்சோலையில் உறங்கிய மணிமேகலையைத் தெய்வம் தூக்கிவந்து முப்பது யோசனை தெற்கே உள்ள அந்தத் தீவில் விட்டுவிட்டுப் போகிறது. விடிந்து பார்த்தால் யாரும் இல்லை. அலைகிறாள், அழுகிறாள். புத்தரின் பீடமான புத்த பீடிகையைக் கண்டதும் பழம்பிறப்பு நினைவுக்கு வருகிறது: போன பிறவியில் தன் பெயர் இலக்குமி, கணவன் இராகுலன், அவன் திட்டிவிடம் என்ற பாம்பால் இறந்தான். அந்த இராகுலனே இப்போது தன்னைத் துரத்தும் உதயகுமரன்.

இது எதற்காக வருகிறது என்று பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவன் பின்னால் தன் நெஞ்சம் போனதை எண்ணி மணிமேகலை ஏற்கெனவே திகைத்திருக்கிறாள். துறவை நோக்கிப் போகிறவளின் மனம் ஏன் அவனிடம் போயிற்று? இன்றைய வாழ்க்கை எழுப்பிய கேள்விக்குப் பழைய வாழ்க்கை பதில் சொல்கிறது. அந்தக் கேள்வி முதலிலேயே எழுந்துவிட்டதால், மறுபிறவியை நம்பாதவரும் அந்தக் காதையில் நெகிழ்ந்துபோகிறார்.

கதையைச் சோதிக்க இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். இக்காலப் பாத்திரத்துக்கு விடை தெரியாத ஒரு கேள்வி முன்கூட்டியே இருக்கிறதா? பழங்காலம் அதற்குத்தான் விடை சொல்கிறதா? இரண்டும் இருந்தால் நம்பிக்கை தானாக வரும். கேள்வியே இல்லாமல், நெற்றியில் அடிபட்டதும் ராணியாக இருந்தது நினைவுக்கு வருகிற கதை என்றால் உங்கள் மனம் ஒட்டாதது நியாயம்தான்.

சிலப்பதிகாரம் வேறு வழியில் போகிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் வந்து, போன பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான், சங்கமனின் மனைவி நீலி சபித்தாள் என்கிறது. இங்கே எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் விளக்கம் வருகிறது. அப்படி வருவதில் ஓர் ஆபத்து உண்டு: நடந்த அநியாயத்துக்குச் சமாதானம் சொன்னதுபோல் ஆகிவிடும். இளங்கோவடிகள் அதிலிருந்து தப்புவது ஓர் எண்ணால். நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது திரிந்து மலையிலிருந்து விழுந்து இறந்தாள்; கண்ணகியும் பதினான்கு நாள் கழித்துத்தான் கணவனைக் காண்பாள். கொடுத்த துயரத்தின் அளவு நாள் கணக்குக்கூட மாறாமல் திரும்புகிறது. அந்தப் பதினான்கு நாளை நீங்கள் தாளின் நடுப்பத்தியில்தான் எழுத வேண்டும்.

கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யும் உங்களுக்கு ஒத்துவரும். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் இறங்கிப் போலீஸுக்குத் தப்பி ஓடும் குமாரலிங்கம், சோலைமலைப் பாழுங்கோட்டையில் ஒளிகிறான். அவனுக்குச் சோறு கொண்டுவரும் பொன்னம்மாளும், முன்னொரு காலத்தில் அதே கோட்டையில் மாறனேந்தல் அரசருக்கு அடைக்கலம் தந்த இளவரசியும் ஒருவர் மேல் ஒருவராகப் படிகிறார்கள். கனவா, பிறவி நினைவா என்று உங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு காலத்திலும் ஒளிந்திருப்பவன் வெள்ளைக்காரனுக்குத் தப்பியவன் என்பதுதான் இணைப்பு. அதற்கு மறுபிறவி நம்பிக்கை தேவையில்லை.

பழைய காலத்துப் பகுதி அருமை. இக்காலப் பகுதி சப்பென்று இருக்கிறது. தாண்டிவிட்டுப் படிக்கலாமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

முதல் வாசிப்பில் வேண்டாம். பழைய கதையில் எதை எப்போது வெளிவிடுவது என்ற கணக்கு இக்காலப் பகுதியில்தான் இருக்கிறது. தாண்டினால் திருப்பங்கள் முன்பின்னாகிவிடும். இரண்டாம் வாசிப்பில் தாராளமாக ஒரு காலத்தை மட்டும் நேராகப் படியுங்கள். தனியாகவும் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். இக்காலப் பாத்திரம் பழைய சங்கதியைத் தெரிந்துகொண்டதால் எதையாவது இழந்ததா என்று மட்டும் பாருங்கள். வேலை, திருமணம், சொத்து, குடும்பத்தின் மேல் வைத்த பெருமை என்று ஒன்றுமே கைவிட்டுப் போகவில்லை என்றால், சப்பென்று இருப்பது உங்கள் குற்றமில்லை. அப்படிப்பட்ட நாவல்கள் நிறையவே இருக்கின்றன.

நான் படிக்கும் நாவலில் ஓலைச்சுவடி ஒன்று கிடைக்கிறது. ‘கலி 4900’, ‘தாது வருஷம்’, ‘கொல்லம்’, ‘யாண்டு 25ஆவது’ என்று வருகிறது. ஆங்கில ஆண்டுக்கு எப்படி மாற்றுவது?
– நூலகர், நாகர்கோவில்

கலி ஆண்டில் 3101 கழியுங்கள். 4900 என்றால் 1799. கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட ஆண்டு அது. ஆசிரியர் அந்த எண்ணைச் சும்மா போட்டிருக்க மாட்டார். சில இடங்களில் கணக்கு ஓராண்டு தள்ளிப்போகும். கடந்த வருஷத்தை எண்ணினார்களா, நடப்பு வருஷத்தை எண்ணினார்களா என்பதில் வரும் வித்தியாசம் அது, பிழை என்று தள்ள வேண்டாம்.

சக ஆண்டோடு 78 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து பங்குனி முடியும்வரை என்றால் 79. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதற்குப் பிறகு 825. கொல்லம் 1000 ஆவணி என்றால் 1824. அதே ஆண்டு தை என்றால் 1825. உங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இது அடிக்கடி வரும். நிலம் சம்பந்தப்பட்ட கதை என்றால் பசலியும் எட்டிப்பார்க்கும்: ஜூலையில் தொடங்கும், 590 கூட்ட வேண்டும். பசலி 1351 என்றால் 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை.

அறுபது வருஷப் பெயர்கள்தான் ஆளை ஏமாற்றும். முதல் பெயரான பிரபவ 1867, 1927, 1987 ஆண்டுகளில் வந்தது. தாது பத்தாவது பெயர்; ஆகவே 9 கூட்டினால் 1876, 1936, 1996. பின்னால் போனால் 1816. பாட்டி ‘தாது வருஷத்துப் பஞ்சம்’ என்றால் 1876–78 பஞ்சத்தைத்தான் சொல்கிறாள். பஞ்சம் என்ற சொல்லே இல்லாமல் ‘தாது’ என்று மட்டும் இருந்தால் பக்கத்துச் சங்கதிகளைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. சுவடியில் ரயில் சத்தம் கேட்டால் 1816 அடிபட்டுப்போகும். இதே கணக்கில் சித்திரபானு பதினாறாவது. 1927-உடன் 15 கூட்டினால் 1942. குமாரலிங்கம் கோட்டையில் ஒளிந்தது சித்திரபானு வருஷத்தில்.

யாண்டு என்பது மன்னன் ஆளத் தொடங்கியதிலிருந்து எண்ணுவது. பட்டத்துக்கு வந்த ஆண்டே முதல் ஆண்டு. எனவே யாண்டு எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். முதலாம் இராசராசன் பட்டத்துக்கு வந்தது 985-ஆம் ஆண்டின் நடுவில். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் குடம் கொடுத்தது 25ஆம் யாண்டில் 275ஆம் நாள் என்று அங்கே கல்வெட்டு உண்டு. 985-உடன் 24 கூட்டினால் 1009-இன் நடுவில் அந்த யாண்டு தொடங்குகிறது. அங்கிருந்து 275 நாள் எண்ணினால் 1010-க்குள் போய்விடும். இரண்டு படியாகக் கணக்குப் போடாதவர்களுக்கு ஓராண்டு இடறுவது இங்கேதான்.

சோழர் கல்வெட்டில் பெயருக்குப் பதில் ‘கோப்பரகேசரி’, ‘கோராசகேசரி’ என்று மட்டும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவை மாறி மாறி வரும் பட்டங்கள். இராசராசன் இராசகேசரி, மகன் இராசேந்திரன் பரகேசரி, பேரன் இராசாதிராசன் மறுபடி இராசகேசரி. பட்டத்தை வைத்து மட்டும் மன்னனைத் தீர்மானித்துவிட்டு, பிறகு ஆண்டுகள் ஒட்டவில்லை என்று ஆசிரியர் மேல் பழி போடாதீர்கள். கிழமையும் நட்சத்திரமும் சேர்த்துத் தந்திருந்தால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நாட்காட்டித் தொகுதிகளில் நாளையே பிடித்துவிடலாம். பெரிய நூலகங்களில் இருக்கும்.

நாழிகை எளிது. 24 நிமிஷம் ஒரு நாழிகை, ஏழரை நாழிகை ஒரு சாமம். ஆறு மணிக்குச் சூரியன் உதித்தால், உதயத்துக்குப் பின் பத்து நாழிகை என்பது காலை பத்து மணி.

சோழர் காலத்துச் சமையல்கட்டில் மிளகாய் அரைப்பதாக ஒரு நாவலில் வருகிறது. இப்படிப்பட்ட பிழைகளைப் பொறுத்துப் போகலாமா?
– உணவுக்கடை நடத்துபவர், திருச்சி

சாதாரண வரலாற்று நாவல் என்றால் ஒரு முகச்சுளிப்போடு போய்விடலாம். இரண்டு காலத்தை இணைக்கும் நாவலில் இது சேதம் செய்கிற பிழை. காரணம், நினைவைக் கிளப்பிவிட ஆசிரியர்கள் பெரும்பாலும் எடுப்பது வாசனையையும் ருசியையும்தான். இன்றைய பெண் ஒரு கவளம் குழம்புச்சோறு வாயில் வைத்ததும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அடுக்களை அவளுக்குத் தெரிகிறது என்று வையுங்கள். அது காரக்குழம்பாக இருந்தால் பாலம் அங்கேயே இடிந்துவிடும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. மிளகைப் போல் காரமாக இருந்த காய்க்கு நம்மவர்கள் மிளகாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மிளகுக்குழம்பு என்று எழுதியிருந்தால் பாலம் நிற்கும். தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாமே அதே கப்பல் வழியில் வந்தவைதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கட்டடங்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கதையில் பதினான்காம் நூற்றாண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போய்விழுந்து, 236 அடி ராஜகோபுரத்தைப் பார்த்து ‘நம்ம ஊர்தான்’ என்று தேறுவதாக எழுதினால், அந்தக் கோபுரம் முழுமையானது 1987-இல் என்று ஆசிரியர் மறந்துவிட்டார். தஞ்சைப் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது. இராசராசன் அதன் முன்னால் நிற்க முடியாது. நல்ல ஆசிரியர் இதையே கதைக்குப் பயன்படுத்துவார்: போனவர் தேடும் கோபுரம் அங்கே இருக்காது, அது இல்லாததைக் கண்டுதான் காலம் மாறியதை உணர்வார்.

பேச்சுமொழி இக்காலத் தமிழாக இருப்பதைப் பிழை என்று எண்ண வேண்டாம். பத்தாம் நூற்றாண்டுத் தமிழில் பேசினால் நமக்குப் புரியாது.

காலம் தாண்டிப் போகும் கதைகளில், போனவர் அங்கே எதையாவது மாற்றிவிட்டால் இன்றைக்கு இருப்பது மாறாதா? யோசித்தால் தலை சுற்றுகிறது.
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பொதுவாக யோசித்தால் சுற்றத்தான் செய்யும். அந்தந்த நாவலின் விதியை மட்டும் பாருங்கள். புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கத்தில் நான்கு கேள்வி எழுதி வைத்து, விடை கிடைக்கக் கிடைக்க நிரப்புங்கள்: எது அங்கே இழுக்கிறது? எது திருப்பி அனுப்புகிறது? கையோடு எதைக் கொண்டுபோகலாம்? அங்கே ஒரு நாள் என்றால் இங்கே எவ்வளவு?

ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 1979-இல் வெளியிட்ட ‘கிண்ட்ரெட்’ நாவலை இந்த நான்குக்கும் வைத்துப் பாருங்கள். 1976 ஜூன் 9, கலிஃபோர்னியா. டேனா என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அன்று 26-ஆவது பிறந்தநாள். தலை சுற்றி விழுகிறாள். எழுந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்து. ஆற்றில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். ரூஃபஸ் என்ற அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போய்விடும் என்ற பயம் வந்தால்தான் திரும்புகிறாள். உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது கூடவே வரும். அதனால் துணியும் மருந்தும் கத்தியும் போட்ட பையைக் கயிற்றால் தன்னோடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். கணவன் கெவின் அவளைப் பிடித்திருந்ததால் அவனும் போய், அங்கே ஐந்து வருஷம் மாட்டிக்கொள்கிறான். இங்கே அது எட்டே நாள்.

இந்த நான்கு விதியும் தெரிந்ததும் நாவலின் நெஞ்சைப் பிடிக்கும் இடம் தானாகத் தெரியும். ரூஃபஸ் வளர்ந்து அடிமைகளை வைத்திருக்கும் பண்ணைக்காரனாகிறான். அவன்தான் டேனாவின் முன்னோரும்கூட. அவன் வாரிசு பிறக்கும்வரை அவனை உயிரோடு வைத்தால்தான் இவள் பிறப்பாள். தன் இனத்தாரைச் சாட்டையால் அடிப்பவனைத் தன் கையாலேயே காப்பாற்ற வேண்டும். ‘மாற்ற முடியுமா’ என்ற உங்கள் கேள்வியை ஆசிரியர் ‘மாற்றினால் நீ இருப்பாயா’ என்று திருப்பிவிடுகிறார். ஒரு கையை இழந்துவிடுகிறாள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவதும் இதனால்தான். இறந்தகாலத்துக்குப் போய் முழுசாகத் திரும்ப முடியாது என்று அந்த உடம்பே சொல்கிறது.

நாவலில் வருவதில் எது நடந்தது, எது கற்பனை என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
– பள்ளி ஆசிரியர், சிதம்பரம்

பென்சிலால் ஓரத்தில் மூன்று குறி போடுங்கள்: சான்று இருப்பதற்கு ‘சா’, சான்றிலிருந்து ஊகித்ததற்கு ‘ஊ’, புனைந்ததற்கு ‘பு’. முதல் வாசிப்பில் போட வேண்டாம், கதை கெடும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் குடும்பத்தார் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கொல்லப்பட்டவர் இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன்; கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் யாண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் சதிகாரனாக வரும் ரவிதாசனுக்கு ‘சா’ போடலாம். ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அதற்குக் கல்கி தரும் காரணம் ‘ஊ’. நந்தினி ‘பு’. வந்தியத்தேவனுக்கு ‘சா’, குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அவருடைய வீரசாகசமெல்லாம் ‘பு’. மாணவர்களை ஒருநாள் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குற்றவாளியின் பெயரைச் சுவரில் விரலால் தொட்டுப் பார்ப்பதைவிட, இரண்டு காலத்தையும் இணைக்கும் காட்சி எந்த நாவலிலும் கிடைக்காது.

ஒரு நாவலில் இருப்பதற்கு இன்னொரு நாவலையோ சினிமாவையோ சான்றாக எடுக்காதீர்கள். அதிகம் நடக்கும் தவறு அதுதான்.

2020-இல் 75 வயதுப் பாட்டி, தன் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்கு நின்றதைச் சொல்வதாக ஒரு கதை. நம்பலாமா?
– அஞ்சல்துறை ஊழியர், சேலம்

கணக்குப் போடலாம். 75 வயதென்றால் 1945-இல் பிறந்தவர். பத்து வயதில், 1955-இல், பாட்டி மடியில் கேட்டிருப்பார். அந்தப் பாட்டி 1877-இல் ஆறு வயதுச் சிறுமி என்றால் பிறந்தது 1871. 1955-இல் வயது 84. இழுத்துப் பிடித்தால் சரியாக வருகிறது. கொள்ளுப்பாட்டி என்று எழுதியிருந்தால் இன்னும் நம்பும்படி இருந்திருக்கும்.

இதே சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி நீட்டிப் பாருங்கள். 1871-இல் பிறந்த சிறுமி 1881-இல் பத்து வயதில், 85 வயதுக் கிழவர் ஒருவரிடம் கதை கேட்கிறாள். அவர் பிறந்தது 1796. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-இல் அவருக்கு ஐந்து வயது. கூட்டத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்க முடியும். 1801-இல் கண்டது 1881-இல் ஒருமுறை, 1955-இல் ஒருமுறை, 2020-இல் ஒருமுறை என்று மூன்றே வாய்வழியில் நம் காதுக்கு வந்துவிடுகிறது. இருநூறு வருஷம் என்றால் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு தூரமில்லை.

ஆனால் ஒவ்வொரு வாய் மாறும்போதும் சில உதிரும். அதிகாரியின் பெயர் போய் ‘துரை’ என்று ஆகிவிடும். தேதி போய் வருஷப் பெயர் மட்டும் நிற்கும். கூட்டம் நூறு ஆயிரமாகும். மிஞ்சுவது இடம், சாப்பிட்டது, பட்ட அவமானம், பாட்டில் ஒரு வரி. பாட்டி கஞ்சித்தொட்டி எந்தத் தெருவில் இருந்தது, எதில் வாங்கிக் குடித்தார்கள் என்று சொன்னால் கதாசிரியர் விஷயம் தெரிந்தவர். கலெக்டரின் முழுப்பெயரையும் தேதியையும் ஒப்பித்தால், அது நூலகத்திலிருந்து எடுத்துப் பாட்டி வாயில் திணித்தது.

அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. இந்த வகைக் கதைகள் என்றால் உயிர். நான் படித்துக் காட்டுகிறேன். காலம் மாறும் இடத்தில் அம்மா குழம்பிப்போகிறார்.
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

அத்தியாயத் தலைப்பைப் படித்ததும் தொடராதீர்கள். ‘இது 1942, கோட்டை’ என்று காலத்தையும் இடத்தையும் உங்கள் வாயால் சொல்லி, மூச்சு விட்டுத் தொடங்குங்கள். புத்தகத்தில் அப்படி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். கண்ணால் படிப்பவருக்குப் பக்கத்தில் விட்ட இடைவெளி தெரியும்; காதால் கேட்பவருக்கு அது தெரியாது. குரலை மாற்றி நடிக்க வேண்டாம். பழைய காலத்துக்குக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் போதும், இரண்டு நாளில் அம்மாவின் காது பழகிவிடும்.

ஒரே பெயர் பல காலத்தில் வருவதை இப்போது எடுக்காதீர்கள். ‘சோலைமலை இளவரசி’யில் தொடங்குங்கள். இரண்டே காலம், ஒரே இடம், சிறிய நாவல். நாட்டுடைமையான நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நீங்கள் படிக்கலாம். மறுநாள் எடுக்கும்போது ‘நேற்று எங்கே விட்டோம்மா?’ என்று அம்மாவையே கேளுங்கள். அவர் எந்தக் காலத்தைச் சொல்கிறாரோ, அங்கிருந்து ஒரு பக்கம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.